மேட்டில் மட்டும் நின்றுபோகும் வண்டி: பதினான்கு மாத அனுபவம்

"உன் வண்டியையே நானும் எடுக்கலாம்னு இருக்கேன். இப்ப விலை வேற குறைச்சிருக்காங்க. எடுக்கலாமா?" என்று நேற்று ஒரு நண்பன் கேட்டான். மூன்று நாள் முன்புதான் இன்ஜின் வால்வு வேலை முடிந்து வண்டி கைக்கு வந்திருந்தது. அந்தக் கடுப்பு அடங்காத நேரத்தில் போனில் எதையாவது சொல்லிவிடக் கூடாது என்பதால், எழுதி அனுப்புகிறேன் என்றேன். அதுதான் இது.

மண்பாதை பைக், 250 சிசி, ஒற்றை சிலிண்டர், பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுக்க கார்ப்பரேட்டர், உயரமான சீட், முன்னால் 21 இஞ்ச் சக்கரம். மற்ற விவரமெல்லாம் அவனுக்கே தெரியும். பதினான்கு மாதத்தில் 5,800 கிலோமீட்டர் ஓட்டியிருக்கிறேன். அதில் பாதிக்கு மேல் மண், சரளை, ஓடை. சஸ்பென்ஷன் நன்றாக இருக்கிறது. பிரேக் போதும். சீட் கல் மாதிரி இருக்கிறது, ஆனால் நின்றுகொண்டு ஓட்டத்தான் இந்த வண்டி, அதனால் குறை சொல்ல மாட்டேன். நான் சொல்ல வருவது முதல் பத்து மாதம் என்னைப் படுத்திய ஒரு கோளாறையும், அதன் பிறகு வந்த இன்ஜின் வால்வு வேலையையும் பற்றி.

வண்டி எடுத்த மூன்றாவது வாரம் முதல் முறை நின்றது. நீளமான மேடு, இரண்டாவது கியர், ஆக்சிலரேட்டர் முக்கால்வாசி. இழுவை திடீரென்று குறைந்தது. இரண்டு தடவை மிஸ் அடித்தது, அப்புறம் திணறித் திணறி ஆஃப் ஆனது. செல்ஃப் அடித்தால் சுற்றுகிறது, பிடிக்கவில்லை. பத்து நிமிஷம் கழித்து ஒன்றுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆனது. அடுத்த மாதம் நான்கு தடவை. ஒவ்வொரு முறையும் மேட்டில்தான், வேகமாக ஏறும்போதுதான். தார் ரோட்டில் ஒரு தடவைகூட இல்லை.

சர்வீஸ் சென்டருக்கு எடுத்துப் போனேன். "மேட்டில் நிற்கிறது. சூடானால் நிற்கிறது, ஆறினால் ஓடுகிறது" என்று சொன்னேன். நான் செய்த முதல் தப்பு அந்த இரண்டாவது வாக்கியம்தான். நடந்ததை மட்டும் சொல்லாமல், நானே கண்டுபிடித்த காரணத்தைச் சேர்த்துச் சொல்லிவிட்டேன். சூடானால் நிற்கிறது என்று கேட்டதும் எந்த மெக்கானிக்கின் கையும் பிளக்கின் தீப்பொறிக்குக் கரண்ட் தரும் இக்னிஷன் காயிலுக்குத்தான் போகும். காயிலின் உள்ளே இருக்கும் கம்பிச்சுற்று சூட்டில் விட்டுப்போய், ஆறியதும் மறுபடி ஒட்டிக்கொள்வது எல்லாரும் பார்த்திருக்கும் கோளாறு. அவர்கள் அப்படி யோசித்ததில் குற்றமில்லை. புது பிளக் போட்டார்கள், காயில் மாற்றினார்கள். இரண்டாவது தடவை, தீப்பொறி எப்போது விழ வேண்டும் என்று சிக்னல் தரும் பிக்கப் காயிலையும் மாற்றினார்கள். வாரண்டியில்தான், காசு வாங்கவில்லை. மூன்றாவது தடவை பெட்ரோலில் தண்ணீர் கலந்திருக்கும் என்று டாங்கை வடித்துவிட்டார்கள். ஸ்டாண்ட் போட்டிருந்தால் இன்ஜினை நிறுத்தும் சைடு ஸ்டாண்ட் சுவிட்சையும் பார்த்தார்கள்.

ஒவ்வொரு முறையும் வாசலில் இருக்கும் சமதளத்தில் ஐந்து நிமிஷம் ஓட்டிப் பார்த்துவிட்டு "நல்லா இருக்கு சார்" என்று சாவியைக் கொடுத்தார்கள். நல்லாத்தான் இருந்தது. ஓட்டிப் பார்க்கும் முன் பெட்ரோல் இருக்கிறதா என்று டாங்க் மூடியைத் திறந்து பார்த்தார்கள். அந்த ஒரு செயலே கோளாறை அழித்துவிடுகிறது என்று அப்போது எனக்கும் தெரியாது, அவர்களுக்கும் தெரியாது.

எனக்கு விடை கிடைத்தது வண்டி எப்படி நிற்கிறது என்று கவனிக்கத் தொடங்கிய பிறகுதான். புது வண்டியோடு மல்லுக்கட்டும் எல்லாரும் இதை மட்டுமாவது படியுங்கள். கரண்ட் போனால் சாவியைத் திருப்பினாற்போல் இன்ஜின் பட்டென்று நிற்கும். பெட்ரோல் வரத்துக் குறைந்தால் இழுவை போய், இருமி, இழுத்துக்கொண்டு நிற்கும். என் வண்டி இரண்டாவது ரகம். ஒரு நாள் மேட்டில் திணறத் தொடங்கியபோது சோக்கை இழுத்துப் பார்த்தேன். இரண்டு மூன்று நொடி உயிர் வந்தது, அப்புறம் நின்றது. சோக் போட்டால் கலவையில் பெட்ரோல் கூடும். அதில் உயிர் வருகிறது என்றால் பஞ்சம் பெட்ரோலுக்குத்தான், பிளக்கின் தீப்பொறிக்கு இல்லை. நின்ற இடத்திலேயே கார்ப்பரேட்டரின் அடியில் இருக்கும் வடிகால் ஸ்குருவைத் தளர்த்தினேன். நன்றாக ஆறிய இன்ஜினில், பக்கத்தில் நெருப்பு இல்லாத இடத்தில்தான் இதைச் செய்ய வேண்டும். கொஞ்சம் வடிந்து நின்றுபோனது. டாங்கில் ஆறு லிட்டர் இருக்கிறது, பெட்ரோல் காக் திறந்திருக்கிறது, கீழே வரவில்லை.

இன்னொரு தடயம் அதுவரை என் கண்முன் இருந்தும் புரியாமலே இருந்தது. டாங்க் நிரப்பிய நாளில் வண்டி சீக்கிரம் நிற்கும். பாதி டாங்கில் வெகுதூரம் போகும். பெட்ரோல் பற்றாக்குறை என்றால் நேர்மாறாக அல்லவா இருக்க வேண்டும்? அன்று மேட்டிலேயே உட்கார்ந்து யோசித்தேன். பெட்ரோல் புவியீர்ப்பில்தான் இறங்குகிறது. இறங்கும் அளவுக்கு மேலே காற்று உள்ளே வர வேண்டும். வராவிட்டால் டாங்கின் உள்ளே அழுத்தம் குறையும், பெட்ரோல் தொங்கி நின்றுவிடும். நிரம்பிய டாங்கில் மேலே காற்றுக்கு இருக்கும் இடம் கொஞ்சம்தான், அதனால் சிறிது பெட்ரோல் இறங்கினாலே அழுத்தம் மளமளவென்று விழும். பாதி டாங்கில் இடம் அதிகம், அதனால் தாக்குப்பிடிக்கும். எழுந்து போய் மூடியைத் திருகினேன். "உஸ்ஸ்" என்று காற்றை உறிஞ்சியது. மூடியைப் போட்டுவிட்டு செல்ஃப் அடித்தேன். ஒரே சுற்றில் பிடித்தது.

மூடியிலிருந்து ஒரு சின்ன ரப்பர் குழாய் கிளம்பி ஹேண்டில்பார் பக்கம் போகும். நடுவில் விரல்நுனி அளவு ஒருவழி வால்வு. காற்று உள்ளே போகலாம், வண்டி சாய்ந்தால் பெட்ரோல் வெளியே வரக் கூடாது, அதற்காக வைத்தது. என் வண்டியில் அதைத் திருப்பி மாட்டியிருந்தார்கள். வால்வின் மேலேயே அம்புக்குறி இருக்கிறது. அது டாங்கைப் பார்க்க வேண்டும், என்னுடையது வெளியே பார்த்துக்கொண்டிருந்தது. முழுக்க அடைத்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். இது கொஞ்சம் கசிந்தது. மெதுவாக ஓட்டினால் அந்தக் கசிவே போதும், வேகமாக மேடு ஏறும்போது போதாது. நின்ற பிறகு பத்து நிமிஷத்தில் கசிவு வழியே காற்று நிரம்பிவிடும். நாங்கள் எல்லாரும் ஆறுகிறது என்று நம்பியது அந்தப் பத்து நிமிஷத்தைத்தான். வண்டி கீழே விழும்போதெல்லாம் ஹேண்டில்பார் பக்கம் பெட்ரோல் வாடை வந்ததே, அதற்கும் அன்றுதான் காரணம் தெரிந்தது.

வால்வைக் கழற்றித் திருப்பி மாட்ட இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. பத்து மாதம், மூன்று சர்வீஸ், இரண்டு காயில், இருட்டும் நேரத்தில் மேட்டிலிருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு இறங்கிய ஒரு மாலை. எல்லாம் ஒரு அம்புக்குறிக்காக. அன்று எனக்கு வந்த கோபம் இன்னும் முழுசாகப் போகவில்லை. தப்பாக மாட்டியவர் மேல்கூட இல்லை, எந்தக் கையும் ஒரு நாள் தவறும். மேட்டில் நிற்கிறது என்று மூன்று தடவை சொன்னேன், ஒருவர்கூட மேட்டுக்கு வந்து பார்க்கவில்லை. அதுதான் எனக்கு ஆறவில்லை.

ஆக்சிலரேட்டரை மூடி இறங்கும்போது சைலன்ஸரில் பட்பட்டென்று வெடிப்பதைப் பற்றியும் நண்பன் கேட்டான். அது புகை விதிக்காக ஐட்லிங் கலவையில் பெட்ரோலைக் குறைத்து வைத்திருப்பதால் வருவது. சரிசெய்யும் ஸ்குருவை ஒரு அடைப்பு போட்டு மூடியிருக்கிறார்கள். வாரண்டி முடியும்வரை அதைத் தொடப்போவதில்லை. 

இன்ஜின் வால்வு விஷயம் அப்படி விட்டுவிடக்கூடியது இல்லை. டாங்கின் ஒருவழி வால்வு இல்லை, இன்ஜினுக்குள் காற்றும் புகையும் போய்வரும் வழியைத் திறந்து மூடும் வால்வு. பன்னிரண்டாவது மாதம் காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கத் தொடங்கியது. சூடான பிறகு ஐட்லிங் நிற்கவில்லை. இந்த முறை எதுவும் ஊகித்துச் சொல்லக் கூடாது என்று முடிவு செய்து, எப்போது, எத்தனை நிமிஷம், எந்தச் சூட்டில் என்று ஒரு தாளில் எழுதி எடுத்துப் போனேன். இளம் மெக்கானிக் ஒருவர் அதை முழுசாகப் படித்தார். "இன்ஜின் சத்தம் எப்படி இருக்கு?" என்று மட்டும் கேட்டார். முன்னைவிட அமைதியாக இருக்கிறது என்றேன். "அப்ப வால்வு இறுகியிருக்கும் அண்ணா" என்றார். எனக்கு இது புதிது. வால்வு பக்கம் டக்டக்கென்று வரும் டேப்பட் சத்தம் கேட்டால்தான் பயப்பட வேண்டும் என்று நினைத்திருந்தேன். சத்தம் போட்டால் வால்வுக்கும் அதை அழுத்தும் பாகத்துக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி கூடியிருக்கிறது, அது பொறுக்கும். வால்வு தன் இருக்கையில் தேய்ந்து உள்ளே இறங்க இறங்க இடைவெளி குறையும், சத்தம் அடங்கும். கடைசியில் சூட்டில் தண்டு நீளும்போது வால்வு முழுக்க மூடாமல் கம்ப்ரஷன் கசியும்.

இன்ஜினை ஓர் இரவு ஆறவிட்டு, பிஸ்டனை கம்ப்ரஷன் உச்சிக்குக் கொண்டுவந்து, இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜ் விட்டுக் காட்டினார். இன்டேக்கில், அதாவது காற்றும் பெட்ரோலும் உள்ளே வரும் வால்வுகளில், 0.10 முதல் 0.15 மில்லிமீட்டர் இருக்க வேண்டும் என்கிறது என் வண்டியின் கையேடு. ஒன்றில் 0.05. இன்னொன்றில் 0.04 தகடுகூட நுழையவில்லை. புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் வால்வு இரண்டும் சரியாக இருந்தன. இடைவெளி கூடுவதற்காக, நடுவில் வைக்கும் ஷிம் என்ற தட்டை இன்னும் மெல்லியதாகப் போட்டு மூடினார்.

இன்டேக் மட்டும் தேய்ந்திருக்கிறதே என்று கேட்டபோது ஏர் ஃபில்டரைக் கழற்றச் சொன்னார். நுரை ஃபில்டர் அது. எண்ணெயில் ஊறியிருந்தால்தான் தூசி அதில் ஒட்டும், உலர்ந்திருந்தால் நுண்தூசி நேராக இன்ஜினுக்குள் போகும், முதலில் தேய்வது இன்டேக் வால்வும் அதன் இருக்கையும்தான். என் வண்டி வந்தபோதே அந்த நுரை உலர்ந்திருந்தது எனக்கு நினைவிருக்கிறது. ஆயிரம் கிலோமீட்டர் சர்வீஸில்தான் முதல் முறை எண்ணெய் போட்டார்கள். நடுவில் எத்தனை புழுதிப் பாதை! தேய்மானத்துக்கு அது மட்டும்தான் காரணம் என்று நிரூபிக்க என்னால் முடியாது, ஆனால் என் சந்தேகம் அங்கேதான் நிற்கிறது. இப்போது ஒவ்வொரு புழுதிப் பயணத்துக்குப் பிறகும் நானே கழுவி, காயவைத்து, எண்ணெய் தடவிப் பிழிந்து, விளிம்பில் கிரீஸ் வைத்து மாட்டுகிறேன். பெட்ரோலில் கழுவாதீர்கள், நுரையை ஒட்டியிருக்கும் பசை விட்டுப்போகும்.

இவ்வளவு திட்டிவிட்டு இதையும் சொல்லியாக வேண்டும். இந்த இன்ஜினைப் போல மெதுவாகச் சுற்றும்போதே அடி இழுவை உள்ள இன்ஜினை நான் ஓட்டியதில்லை. உருளும் கற்கள் நிறைந்த ஏற்றத்தில் முதல் கியரில், கிளட்சைத் தொடாமல், ஆள் நடக்கும் வேகத்துக்குக் கொஞ்சம் மேலே, ஒவ்வொரு வெடிப்பும் தனித்தனியாகக் காதில் விழ அது ஏறும். ஆஃப் ஆகுமோ என்று பயந்தால் ஆகாது. கையைக் கொஞ்சம் திருப்பினால் பின் சக்கரம் மண்ணைக் கடித்துக்கொண்டு தள்ளும். இன்ஜின் வால்வு சரியான பிறகு, நேற்று முன்தினம் அந்தப் பழைய மேட்டுக்கே போனேன். டாங்கை விளிம்புவரை நிரப்பி, இரண்டாவது கியரில், எங்கும் விடாமல். உச்சியில் நிறுத்தி மூடியைத் திறந்தேன். சத்தமே இல்லை. அரைமணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். விற்கவே மாட்டேன் என்று அப்போது தோன்றியது, இப்போதும் அப்படித்தான் தோன்றுகிறது.

ஆனாலும் உன் கேள்விக்கு என் பதில், எடுக்காதே. நீ மாதத்துக்கு இரண்டு நாள் ஓட்டுபவன். அந்த இரண்டு நாளில் ஒன்று மேட்டில் நின்றுபோனால் உனக்கு வண்டியே வெறுத்துப்போகும். விலை குறைந்திருக்கிறது என்றாயே, வண்டியை அனுப்பும் முன் யாராவது ஒழுங்காகச் சோதிக்கிறார்களா என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. அது மாறாமல் விலை மட்டும் இறங்கி என்ன பயன்?

எடுத்தே தீருவேன் என்றால், டெலிவரி அன்று சாவியை வாங்கும் முன் இரண்டு வேலை செய். ஏர் ஃபில்டரைக் கழற்றி விரலால் அழுத்திப் பார், விரலில் பிசுபிசுப்பு ஒட்ட வேண்டும். அப்புறம் டாங்க் மூடியைக் கழற்றிக் கையில் எடுத்து, குழாயின் வெளி முனையிலிருந்து ஊது. மூடியின் அடிப்பக்கம் காற்று வர வேண்டும். வராவிட்டால் அங்கேயே வைத்து அந்த ஒருவழி வால்வைத் திருப்பி மாட்டச் சொல், அதன் பிறகு கையெழுத்துப் போடு.