தானே மூடும் விரிசல்: சாதா கான்கிரீட்டா, பாக்டீரியாவா, ரோமானியக் கலவையா?

புதுத் தண்ணீர்த் தொட்டியை முதல்முறை நிரப்பும்போது மயிரிழை விரிசல் வழியாகச் சுவர் வியர்ப்பதுண்டு. உடனே காலி செய்யாமல் விட்டால், பல சமயம் சில வாரங்களில் கசிவு நின்றுவிடும். விரிசல் ஓடிய தடத்தில் ஒரு வெள்ளைக் கோடு மட்டும் மிஞ்சும். கலவையில் நீர் எட்டாமல் தங்கிப்போன சிமெண்ட் துகள்கள் இப்போது நனைந்து இறுகுகின்றன. கூடவே, கரைந்து வரும் சுண்ணாம்பு, நீரிலுள்ள கார்பன் டை ஆக்சைடுடன் சேர்ந்து கால்சியம் கார்பனேட்டாகப் படிகிறது. கூடுதல் செலவே இல்லாத இந்த வைத்தியம் சுமார் 0.1 முதல் 0.2 மி.மீ. அகலம் வரைதான் பலிக்கும்.

அதைவிட அகலமென்றால் பாக்டீரியா. நெதர்லாந்தின் டெல்ஃப்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஹென்க் யோங்கர்ஸ் உருவாக்கிய முறை இது. காரத்தைத் தாங்கும் பாக்டீரியாவின் உறங்கும் வித்துகளையும், அவற்றுக்கு உணவாகக் கால்சியம் லாக்டேட்டையும் கலவையிலேயே சேர்த்துவிடுகிறார்கள். விரிசலில் நீர் நுழைந்ததும் வித்துகள் விழித்து, தின்று, சுண்ணாம்புக்கல்லை உண்டாக்குகின்றன. 0.8 மி.மீ. வரை மூடும் என்கிறார்கள். ஆனால் விலை அதிகம். வித்துகளைக் காக்கச் சேர்க்கும் களிமண் உருண்டைகள் அளவு மீறினால் கான்கிரீட்டின் வலிமையும் குறையும். ஆள் இறங்கிப் பழுதுபார்க்க முடியாத சுரங்கம், நிலத்தடிச் சுவர் போன்ற இடங்களுக்கு இது தகும். சாதாரண வீட்டுக்கு வீண் செலவு என்பேன்.

பண்டைய ரோமானியர் கட்டடங்களின் கான்கிரீட் கலவையில் அங்கங்கே வெள்ளைச் சுண்ணாம்புக் கட்டிகள் தெரியும். சரியாகக் கலக்காததன் அடையாளம் என்றுதான் வெகுகாலம் நினைத்தார்கள். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் அட்மிர் மாசிக் குழு 2023-இல் வெளியிட்ட ஆய்வு அதை மாற்றியது. நீற்றாத சுண்ணாம்பைச் சூடாகக் கலந்ததில் உருவான அந்தக் கட்டிகள், விரிசலில் நீர் வந்ததும் கரைந்து அடைக்கின்றன. அதே முறையில் செய்த மாதிரியில் 0.5 மி.மீ. விரிசல் இரண்டே வாரத்தில் அடைபட்டு நீர் நின்றது. கட்டி இல்லாத மாதிரியில் நீர் ஓடிக்கொண்டே இருந்தது. எனக்கு மிகவும் பிடித்த வழி இதுதான், ஆனால் ரோமானியர் கான்கிரீட்டுக்குள் நம்முடையதைப் போலத் துருப்பிடிக்கும் இரும்புக் கம்பி கிடையாது என்பதை மறக்கக் கூடாது.

மூன்றுக்கும் தண்ணீர் வேண்டும். எப்போதும் காய்ந்திருக்கும் உள்பீமில் எதுவும் நடக்காது. வெயிலுக்கும் குளிருக்கும் திறந்து மூடும் விரிசலிலும் படிவு நிலைக்காது. வெள்ளைக்குப் பதில் பழுப்புக் கறை தெரிந்தால் உள்ளே கம்பி துருப்பிடித்திருக்கலாம். அப்போது காத்திருக்காமல் பொறியாளரைக் கூப்பிட வேண்டும்.