"நான் கட்டின காசை மட்டும் குடுங்கண்ணா" என்றான், 640 டாலர் போய்விட்டது: கேம்பிங் போகிறவர்கள் கவனம்

பணம் அனுப்பி பதினோரு நாள், ஏமாந்தோம் என்று தெரிந்து மூன்று நாள். 640 டாலர். நான்கு குடும்பம் சேர்ந்து போட்ட பணம், என் கணக்கிலிருந்துதான் போனது, அதனால் இதை எழுத வேண்டியவனும் நான்தான். கலிபோர்னியாவில் ஃப்ரீமான்ட், சான் ஹோசே பக்கம் இருக்கிற நம் ஆட்கள் இப்போது கேம்பிங் சைட், அதாவது டென்ட் போட இடம், தேடிக்கொண்டிருப்பீர்கள். தயவுசெய்து படித்துவிட்டு அப்புறம் பணத்தை எடுங்கள்.

நாங்கள் கல்லூரியில் ஒன்றாகப் படித்த நான்கு பேர். வருடத்துக்கு இரண்டு தடவையாவது குடும்பத்தோடு ஏதாவது ஒரு ஸ்டேட் பார்க்கில் (மாநில அரசின் பூங்கா) டென்ட் போட்டு இரண்டு ராத்திரி தங்கிவிட்டு வருவோம். இந்த முறை பிக் சர் பகுதியில் இருக்கிற ஃபைஃபர் பிக் சர் பூங்கா. ரெட்வுட் மரங்களுக்கு நடுவே சைட், பக்கத்திலேயே ஆறு, காலையில் கிளம்பித் தெற்கே கொஞ்ச தூரம் போனால் மக்வே அருவி, 80 அடி உயரத்திலிருந்து நேராகக் கடற்கரை மணலில் விழும். கோவில்பட்டியிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கிறார்கள், அவர்கள் ஊருக்குத் திரும்புவதற்குள் இதைக் காட்டிவிட வேண்டும் என்று எனக்கு ஒரே பிடிவாதம். ஆனால் கலிபோர்னியா ஸ்டேட் பார்க் சைட்டுகள் ஆறு மாதம் முன்னாலேயே காலை 8 மணிக்குத் திறக்கும், பிக் சர் மாதிரி இடத்தில் வார இறுதி என்றால் கண்ணை மூடித் திறப்பதற்குள் போய்விடும். ஒரு சைட்டுக்கு எட்டுப் பேர்தான், நாங்கள் பதினைந்து பேர், ஆக இரண்டு சைட் வேண்டும். கடைசி நேரத்தில் தேடினால் எங்கே கிடைக்கும்?

அப்போதுதான் அந்த விளம்பரம், அங்கே புக் செய்த இரண்டு சைட்டை வேறு யாருக்காவது கொடுப்பதாக. சமூக வலைத்தளத்தில் நம் ஆட்கள் பழைய சோபா, பாத்திரம், கார் சீட் எல்லாம் வாங்கி விற்கும் ஒரு பக்கம். படத்தில் மூன்று பச்சை டென்ட், முன்னால் மர மேசை, மேசை மேல் ஒரு பிரஷர் குக்கர். அந்தக் குக்கரைப் பார்த்ததும் பாதி நம்பிவிட்டேன். நம் வீட்டு ஆள், நம்மை மாதிரியே கேம்பிங் போய்ச் சோறு பொங்குகிற ஆள் என்று தோன்றிவிட்டது.

போன் செய்தேன். நல்ல மதுரைப் பேச்சு. "குழந்தைக்குக் காய்ச்சல்ணா, வெளியே கூட்டிட்டுப் போக வேணாம்னு டாக்டர் சொல்லிட்டாரு. ரெண்டு சைட்டுக்கும் சேர்த்து நான் கட்டின 160 மட்டும் குடுங்க, அதுல போய் லாபம் பார்க்கலாமாண்ணா?" என்றான். டென்ட், ஸ்லீப்பிங் பேக், ஸ்டவ் எல்லாம் அவனே வாடகைக்குத் தருவானாம், அதற்கு 300, திருப்பித் தருகிற டெபாசிட் 180. மொத்தம் 640. சைட்டுக்கு ஒரு டாலர்கூட ஏற்றிக் கேட்காததால் மற்ற எதையும் நான் சந்தேகப்படவே இல்லை. ஸ்பீக்கரில் பேசிக்கொண்டிருந்தேன், பக்கத்தில் அம்மா. காய்ச்சல் என்று கேட்டதும் அம்மா பொறுக்காமல், "தம்பி, பிள்ளைக்குக் கஞ்சி குடுங்க, சீரகத் தண்ணி காய்ச்சிக் குடுங்க" என்று சொல்ல, அவன் "சரிங்கம்மா, குடுக்கிறேங்கம்மா" என்றான். இதை நினைத்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது.

பூங்கா பெயர், சைட் எண்கள், தேதி எல்லாம் உள்ள ஸ்கிரீன்ஷாட் அனுப்பினான். கார்டில் கட்டட்டுமா என்று கேட்டேன், "கார்டுல ஃபீஸ் புடிக்கிறாங்கண்ணா, பேங்க் ஆப்லயே போட்டுடுங்க" என்றான். பாதி இப்போது, பாதி டென்ட்டைக் கையில் வாங்கும்போது கொடுக்கலாமே என்று என் மனைவி சொன்னாள். நான் கேட்கவில்லை. 640 டாலரையும் ஒரே தடவையில் அனுப்பினேன்.

வெள்ளிக்கிழமை 3 மணிக்கு, வழியில் பூண்டுக்குப் பேர்போன கில்ராய் ஊரில் ஒரு கடை பார்க்கிங்கில் சாமான் தருவதாகப் பேச்சு. பூண்டு வாசனை அடிக்கிற அந்த வெயிலில் நான்கு காரும் ஐம்பது நிமிடம் நின்றோம். அப்புறம் மெசேஜ்: "டிராஃபிக்ணா, தம்பி நேரா சைட்டுக்கே கொண்டு வந்துடுவான், நீங்க கிளம்புங்க." அங்கேயே திரும்பியிருக்க வேண்டும். கார்மெல் தாண்டினால் போனில் சிக்னல் அனேகமாக இருக்காது, அது அவனுக்குத் தெரியும், அதனால்தான் கிளம்பச் சொன்னான் என்று இப்போது புரிகிறது.

பூங்கா வாசலில் இடமில்லை என்று போர்டு. நமக்குத்தான் புக்கிங் இருக்கிறதே என்று ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டினேன். வாசலில் இருந்த பெண் ரேஞ்சர் (பூங்கா அதிகாரி) புக்கிங் எண்ணைத் தட்டிப் பார்த்தார், இன்னொரு தடவை தட்டினார், பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். புக்கிங் உண்மைதானாம், ஆனால் ஒரு வாரத்துக்கு முன்பே ரத்து செய்யப்பட்டுவிட்டது. எனக்கு ஸ்கிரீன்ஷாட் அனுப்பிவிட்டு அவனே ரத்து செய்து அந்தப் பணத்தையும் திரும்ப வாங்கியிருக்கிறான்! ரத்தாகாமல் இருந்தாலும் யார் பெயரில் புக்கிங்கோ அந்த ஆள் அடையாள அட்டையோடு வராமல் விட முடியாது என்றும் சொன்னார். அவர் மேல் தப்பே இல்லை, பாவம், தண்ணீர் வேண்டுமா என்றுகூடக் கேட்டார்.

சாலை ஓரத்தில் ராத்திரி காரை நிறுத்தித் தூங்கவும் அங்கே அனுமதி கிடையாது. இருட்டில் அந்த வளைவுகளில் திரும்பி ஓட்டி, சாலினாஸில் ஒரு மோட்டலில் நான்கு அறை எடுத்தோம், அந்தச் செலவு தனி. பதினைந்து பேருக்கு அம்மா கட்டிய புளியோதரையை ராத்திரி பதினொன்றரைக்கு மோட்டல் கட்டிலில் உட்கார்ந்து சாப்பிட்டோம். "அந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல்னு சொன்னதும் பொய்யாப்பா?" என்று அம்மா கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை.

அதற்குப் பிறகு நடந்தது இன்னும் கேவலம். அவன் முதலில் "மீட்டிங்ல இருக்கேன்", அப்புறம் "பார்க் ஆளுங்க தப்புண்ணா, திங்கட்கிழமை பேசி வாங்கித் தர்றேன்", அப்புறம் பிளாக். வங்கியில் நாற்பது நிமிடம் காத்திருக்க வைத்து, நீங்களே விரும்பி அனுப்பிய பணம், எங்களால் ஒன்றும் செய்ய முடியாது என்றார்கள். அந்த வலைத்தளத்தில் புகார் கொடுத்தால் ஒரு நிமிடத்தில் இயந்திரப் பதில், விளம்பரம் விதியை மீறவில்லையாம். விளம்பரம் வந்த பக்கத்தில் நடந்ததைப் பதிவாகப் போட்டேன். அந்தப் பக்கத்தை நடத்துகிறவரோ, கொடுக்கல் வாங்கலுக்கு நாங்கள் பொறுப்பில்லை, வீணாகச் சண்டை வேண்டாம், உங்கள் பதிவை எடுத்துவிடுங்கள் என்கிறார். 640 டாலர் போனது எங்களுக்கு, சண்டைக்காரனும் நானா? போலீஸுக்கும், எஃப்பிஐ நடத்தும் இணையக் குற்றப் புகார் தளத்துக்கும் எழுதிப் போட்டிருக்கிறேன்.

என்ன செய்ய வேண்டும் என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை. ஸ்டேட் பார்க் சைட்டை ஆளிடம் வாங்காதீர்கள், பூங்காத் துறையின் சொந்தத் தளத்தில் மட்டும் எடுங்கள். நிறையப் பேர் கடைசி வாரத்தில் ரத்து செய்வார்கள், அங்கேயே அடிக்கடி பார்த்தால் சில சமயம் கிடைக்கும். ஸ்கிரீன்ஷாட்டை நம்பாதீர்கள். முகம் தெரியாதவருக்கு வங்கி ஆப்பில் பணம் போடாதீர்கள். சாமான் கைக்கு வராமல் டெபாசிட் கொடுக்காதீர்கள்.

இன்று காலை அதே பக்கத்தில் அதே படம், மூன்று பச்சை டென்ட், மேசை மேல் அதே குக்கர். பெயர் மட்டும் வேறு. இந்த முறை சான்டா குரூஸ் பக்கம் ஒரு கடற்கரைப் பூங்கா, வருகிற வெள்ளி, சனி. கீழே இரண்டு பேர் "இன்னும் இருக்கா?" என்று கேட்டிருக்கிறார்கள். அவர்களில் யாரையாவது உங்களுக்குத் தெரிந்தால் உடனே போன் செய்யுங்கள்.