திருகோணமலையில ரெகுலேற்றருக்குள்ள தண்ணி வந்தது

ஆடி மாசம் ரெண்டு கிழமை லீவில ஊருக்குப் போட்டு வந்தனான். பிறந்தது திருகோணமலை, ஆனா டைவிங் பழகினது முழுக்க கனடாவில, ஒன்ராறியோவில டொபமோரி எண்ட இடத்தில, அது ஹியூரன் ஏரி, நல்ல தண்ணி, கோடையிலயும் கீழ போகப்போக விறைக்கும். உப்புக்கடலில என்ர சொந்த ரெகுலேற்றரோட (சிலிண்டர்க் காத்தை வாய்க்குக் கொண்டுவாற கருவி) இறங்கினது இதுதான் முதல்தரம். கிழக்குக் கரையில சித்திரை கடைசியில இருந்து புரட்டாசி மட்டும்தான் கடல் அடங்கித் தெளிவா இருக்கும், அதுக்குப் பிறகு வாடைக்காத்துத் துவங்கீடும், அதைப் பாத்துத்தான் டிக்கெட்டே போட்டனான்.

முதல் நாள் புறாமலைத் தீவு. நிலாவெளிக் கரையில இருந்து போட்டில கொஞ்சத் தூரம்தான். கனடா பாஸ்போட் எண்டபடியா டிக்கெட் வெளிநாட்டுக்காரர் கணக்கு, ஊர்ச்சனத்தின்ர கணக்கை விட கனக்கக் கூட. இறங்கி ஒரு எட்டு மீற்றர் போயிருப்பன், ஒவ்வொரு மூச்சு இழுக்கேக்கயும் காத்தோட சேந்து உப்புத்தண்ணி தொண்டைக்குள்ள வருது. இருமல் வந்திட்டுது. ரெகுலேற்றரை வாயில இருந்து எடுக்காமல் அதுக்குள்ளயே இருமி, காத்தை வேகமா அடிக்க விடுற பேர்ஜ் பட்டனை அமத்தித் தண்ணியை வெளியேத்தினா நாலைஞ்சு மூச்சுக்கு நல்லா இருக்கும், பிறகு திருப்பியும் வரும். அவசரத்துக்கு எண்டு அதே ரெகுலேற்றரில இருக்கிற ரெண்டாவது வாய்ப்பாகம், ஒக்டோபஸ், அதுக்கு மாறினன், அதில ஒரு சொட்டும் இல்லை. கூட வந்த தம்பிக்கு, சின்னம்மாவின்ர மகன், கை காட்டி, அந்த ஒக்டோபஸிலயே ஆறுதலா மூச்சு விட்டு மேல வந்திட்டம்.

போட்டில வந்த வழிகாட்டிப் பெடியன், "அண்ணை நீங்கள் பயத்தில வாயை வடிவா மூடேல்லை, அதுதான்" எண்டான். அப்பிடியும் நடக்கும், உதடு சரியா மூடாட்டித் தண்ணி வரும்தான். ஆனா அதே வாயாலதானே ஒக்டோபஸிலயும் மூச்சு விட்டனான், அது காய்ஞ்சிருந்ததே எண்டு கேட்டன், அதுக்கு அவனிட்டப் பதில் இல்லை. எனக்கு இந்த இடத்திலதான் மனம் பொறுக்கேல்லை. புதுசாப் பழகிற ஒரு ஆளுக்கு இப்பிடிச் சொன்னா அவர் தன்னிலதான் பிழை எண்டு நம்பி அடுத்த நாளும் அதே சாமானோட இறங்குவார், தண்ணிக்குக் கீழ இருமல் வந்து பதறி ஒரேயடியா மேல வந்தா நுரையீரலே சேதமாகும்.

பின்னேரம் நகரப்பக்கம் ஒரு டைவ் கடையில குடுத்தன். மேல்மூடியைக் கழட்டி, உள்ள இருந்த டயஃப்ரம் எண்ட மெல்லிய ரப்பர் தட்டைக் கழுவி, திருப்பிப் பூட்டி, சிலிண்டரில போட்டு பேர்ஜை அமத்தி "உஸ்" எண்டு காத்து வருது பாருங்கோ, சரி எண்டு சேர்விஸுக்குக் காசும் வாங்கிச்சினம். காத்து வாறது எப்பவும் சரியாத்தானே இருந்தது, தண்ணி ஏன் வருது எண்டதுதானே கேள்வி. அடுத்த நாள் இறங்கினா அதே உப்பு.

பிறகு தம்பிதான் குச்சவெளிப் பக்கம் ஒருத்தரிட்டக் கூட்டிக்கொண்டு போனவன். கனகாலம் சங்குக்கும் கடலட்டைக்கும் சிலிண்டரோட இறங்கினவர், இப்ப வயசு போட்டுது, குளியாளுகளின்ர சாமான் திருத்திறார். கடை பேர்ப்பலகை ஒண்டும் இல்லை, வீட்டு விறாந்தையில ஒரு மேசை, ஒரு வாளி நல்ல தண்ணி. நான் சிலிண்டரைக் கேக்க, "சிலிண்டர் வேண்டாம் தம்பி, சிலிண்டரில பூட்டுற பக்கத்துத் தூசி மூடியைப் பூட்டிக்கொண்டு வாயில வைச்சு இழு" எண்டார். அந்தத் தூசி மூடி போட்டா உள்ள காத்து வர வழியே இல்லை, அப்ப நல்ல ரெகுலேற்றர் எண்டா இழுக்க இழுக்க வாயோட ஒட்டிக்கொண்டு நிக்கவேணும். எனக்கு மெல்லிசாக் காத்து வந்தது. காத்து வாற ஓட்டையாலதான் தண்ணியும் வருது எண்டார், அவ்வளவுதான் சோதனை, ஒரு நிமிசமும் ஆகேல்லை.

ஏன் அப்பிடி எண்டும் பொறுமையா விளங்கப்படுத்தினவர். சிலிண்டரில பூட்டுற முதல் பாகத்தால தண்ணி வாய்க்கு வராது, அது ஹோஸுக்குள்ள காத்தைச் சுத்தியிருக்கிற அமுக்கத்தை விட ஒன்பது பத்து பார் கூட வைச்சு அனுப்பிக்கொண்டு இருக்கும். வாயில வைக்கிற பாகம்தான் சங்கதி. நாங்கள் மூச்சு இழுக்கேக்க அந்தப் பெட்டிக்குள்ள அமுக்கம் வெளித்தண்ணியை விடக் கொஞ்சம் குறையும், அப்ப டயஃப்ரம் உள்ளுக்கு வளைஞ்சு லீவரை அமத்திக் காத்தைத் திறக்கும். அந்த நேரத்தில பெட்டியில எங்கயாவது சின்ன ஓட்டை இருந்தா வெளித்தண்ணி உள்ள வரும். அதாலதான் மூச்சு விடேக்க ஒண்டும் தெரியாது, இழுக்கேக்க மட்டும் நனையும்.

ஓட்டை எங்க எண்டு கண்டுபிடிக்கிறதுக்கு சிப் டை எண்ட பிளாஸ்ரிக் கட்டை வெட்டி, பல்லால கடிக்கிற ரப்பர் மவுத்பீஸைக் கழட்டிப்போட்டு, வெறும் குழாயில வாயை வைச்சு இழுக்கச் சொன்னார். கல்லு மாதிரி நிண்டுது. அப்ப டயஃப்ரமும் வெளிமூச்சு போற எக்ஸோஸ்ட் வால்வும் சரி, பிழை மவுத்பீஸில. வெளிச்சத்தில பிடிச்சு இழுத்துப் பாத்தா சிப் டை இறுக்கியிருந்த பள்ளத்திலயே நகத்தளவுக்கு ஒரு வெடிப்பு, சும்மா பாக்கத் தெரியாது, பல்லால கடிச்சு இழுத்தா மட்டும் வாய் திறக்குது. டொபமோரிக் குளிரில தாடையை இறுக்கிக் கடிச்சுக் கடிச்சுத்தான் அது கிழிஞ்சிருக்கும் எண்டு நான் நினைக்கிறன். போன வருசமே வந்திருக்கும், நல்ல தண்ணியில ரெண்டு சொட்டு வந்தா ஆருக்குத் தெரியும், உப்பு எண்டபடியாத்தான் பிடிபட்டது.

அண்டைக்கு வேற ஆக்களின்ர சாமானிலயும் காட்டினவர். அவர் கையில கனக்க வாறது எக்ஸோஸ்ட் வால்வ்தான், காளான் மாதிரி மெல்லிய ரப்பர், ஒரு மண்மணியோ தலைமயிரோ அதுக்குக் கீழ நிண்டாலும் மூடாது. சூட்கேஸுக்குள்ள நசுங்கி ஓரம் சுருண்டாலும் அதே கதைதான். டயஃப்ரத்தை வெயிலில பிடிச்சு ஊசித்துளை பாக்கவேணும். பெட்டி வெடிச்சிருந்தா ஒட்டுற வேலை வேண்டாம், மாத்து எண்டார். அதோட ஒரு முக்கியமான விசயம், கழுவேக்க சிலிண்டரில பூட்டாமல் பேர்ஜை அமத்தக்கூடாது, அமத்தினா வால்வ் திறந்து ஹோஸுக்குள்ள தண்ணி போயிடும், பிறகு முதல் பாகம் உள்ளால துருப்பிடிக்கும்.

நகரத்தில மவுத்பீஸ் கிடைக்கேல்லை. அவரே ஒரு பழைய செட்டில இருந்து நல்லதொண்டு கழட்டித் தந்தார், சிப் டை ஹாட்வெயார் கடையில ஒரு பிளேன்ரீக் காசுக்கு வாங்கினன். பூட்டு உதட்டில படாமல் பக்கத்துக்குத் திருப்பி இறுக்கி, மிச்ச வாலை நகவெட்டியால ஒட்ட வெட்டினார். கூலி கேட்டா, "மவுத்பீஸ் காசு மட்டும் தா" எண்டார், நான் விடேல்லை.

கடைசி டைவ் சுவாமி மலைக்குக் கீழ, கோணேசர் கோயிலடி. போத்துக்கேயர் 17ஆம் நூற்றாண்டில இடிச்ச கோயிலின்ர தூண்களும் செதுக்கின கல்லுகளும் கடலுக்குள்ள கிடக்கிறதை 1950களில விஞ்ஞானக் கதை எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க்கும் அவரின்ர டைவிங் கூட்டாளி மைக் வில்சனும் இறங்கிப் பாத்தவை, சின்னனில இருந்து கேட்டுக்கேட்டு வளந்த இடம். முக்கால் மணித்தியாலம் முழுக்க ஒரு சொட்டு உப்பு இல்லை. ஒருக்கா மட்டும் ஒரு பாறைப் பொந்துக்குள்ள தலைகீழாக் குனிஞ்சு பாக்கேக்க கொஞ்சம் நனைஞ்சது, அது பழுதில்லை, எக்ஸோஸ்ட் வால்வ் மேல்பக்கம் வந்திட்டா உள்ள நிக்கிற ஒண்டு ரெண்டு சொட்டு வெளிய போக வழியில்லாமல் வாய்க்கு வரும், நிமிந்து ஒருக்கா ஊதினா சரி. தம்பியின்ர வாடகை ரெகுலேற்றரிலயும் இறங்கின உடன தண்ணி வந்தது, கரையில மண்ணுக்குள்ள வைச்சவன், மேலயே நிண்டு பேர்ஜை நல்லா அமத்தி ஆட்டிக் கழுவ மண் போட்டுது.

வெளிக்கிட முதல் நாள் திரும்பவும் குச்சவெளிக்குப் போய் என்ர பையில இருந்த சிலிக்கன் கிறீஸையும் ரெண்டு ஓ-ரிங் (ரப்பர் வளையம்) பெட்டியையும் குடுத்திட்டு வந்தன். அடுத்தமுறை வரேக்க எக்ஸோஸ்ட் வால்வ் பத்து கொண்டுவா எண்டு, மொடல் பேரையும் அளவையும் ஒரு துண்டில எழுதித் தந்தவர், அது இப்ப என்ர பேர்ஸுக்குள்ள கிடக்கு.