விதவையின் சொத்துரிமை: எந்த முறை மேல்?

கணவன் இறந்தபின் மனைவிக்கு எந்த முறை அதிகம் தந்தது என்று கேட்டால், பெரும்பாலோர் ஏக்கர் கணக்குதான் பார்ப்பார்கள். கிடைத்த நிலத்தை அவள் விற்க முடியுமா என்று யாரும் கேட்பதில்லை. அதையும் சேர்த்துக் கேட்டால் இந்தியாவில் புழங்கிய முறைகளின் தரவரிசையே மாறிவிடுகிறது.

தென்னிந்தியா உட்பட நாட்டின் பெரும்பகுதியில் இந்துக்களுக்கு விஞ்ஞானேசுவரரின் மிதாட்சரம் என்ற சட்ட நூல் செல்லுபடியாயிற்று. வங்காளத்தில் ஜீமூதவாகனரின் தாயபாகம். மகன் இருந்தால் இரண்டிலும் விதவைக்கு வாரிசுப் பங்கு கிடையாது, ஜீவனாம்சம்தான். மகன் இல்லாத வீட்டில்தான் வேறுபாடு. மிதாட்சரக் கூட்டுக் குடும்பத்தில் இறந்தவரின் பங்கு அண்ணன் தம்பிகளுக்குப் போய்விடும். தாயபாகத்தில், குடும்பம் பிரியாமல் இருந்தாலும், கணவனின் பங்கு முழுவதும் மனைவிக்கு வரும். ஏட்டளவில் தாயபாகமே தாராளம். வங்காளத்தில் உடன்கட்டை மிகுந்திருந்ததற்கு இந்தத் தாராளமும் ஒரு காரணமோ என்று சந்தேகித்த வரலாற்றாசிரியர்கள் உண்டு. சொத்தோடு உயிர் வாழும் ஒரு விதவை பங்காளிகளின் கண்ணை எவ்வளவு உறுத்தியிருப்பாள் என்று நினைத்தால், அதை எளிதில் தள்ளிவிட முடியவில்லை.

மிதாட்சரத்திலும் ஒரு சந்து இருந்தது: கணவனின் சுயார்ஜித (தானே சம்பாதித்த) சொத்து. சிவகங்கை ஜமீன் வழக்கு அதைப் பற்றியதுதான். கௌரி வல்லபர் 1829-ல் ஆண் வாரிசு இல்லாமல் இறந்ததும், குடும்பம் பிரியவில்லை என்று சொல்லி அண்ணன் மகன் ஜமீனை எடுத்துக்கொண்டார். ஜமீன் கௌரி வல்லபர் தாமே பெற்றது, ஆகவே விதவைக்கும் அவருக்குப்பின் மகளுக்கும் சேரும் என்பது எதிர்வாதம். விதவை அங்கமுத்து நாச்சியார் இறுதித் தீர்ப்பைக் காணாமலே இறந்தார். 1863-ல் லண்டனில் இருந்த மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் மகள் காத்தம நாச்சியார் பக்கம் தீர்ப்பளித்தது. கணவர் இறந்து 34 ஆண்டுகள் ஆகியிருந்தன!

ஜெயித்தாலும் விதவையின் கைக்கு வருவது ஆயுள்கால உரிமைதான். விளைச்சலை அனுபவிக்கலாம், கணவனின் கடன், ஈமச்சடங்கு போன்ற தவிர்க்க முடியாத தேவையைக் காட்டினாலொழிய விற்க முடியாது. அவள் காலத்துக்குப்பின் சொத்து கணவனின் அடுத்த வாரிசுகளுக்குத் திரும்பிவிடும். இடையில் அவள் விற்றிருந்தால் அவர்கள் வழக்குப் போடலாம். இது தெரிந்த எவர் அவளிடம் நல்ல விலைக்கு நிலம் வாங்குவார்? தாயபாகத்தின் தாராளமும் இந்த இடத்தில் கரைந்துவிடுகிறது.

இஸ்லாமிய முறை நேர்மாறானது. பிள்ளைகள் இருந்தால் எட்டில் ஒன்று, இல்லையென்றால் நான்கில் ஒன்று. மனைவியர் ஒருவருக்கு மேல் இருந்தால் அதையும் பகிர்ந்துகொள்ள வேண்டும். சின்னப் பங்குதான், ஆனால் முழு உரிமையோடு வருகிறது. மஹர் என்பது திருமணத்துக்காகக் கணவன் மனைவிக்குத் தர வேண்டிய தொகை; கொடுக்கப்படாத மஹர் கணவனின் கடனாகக் கருதப்படுவதால், பாகப்பிரிவினைக்கு முன்பே அதைத் தீர்த்தாக வேண்டும்.

1937-ஆம் ஆண்டுச் சட்டம் இந்து விதவைக்கு மகனுக்குச் சமமான பங்கைத் தந்தது, ஆனால் அதுவும் ஆயுள்கால உரிமையாகவே. முடிச்சை அவிழ்த்தது 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம். அதன் 14-ஆவது பிரிவு இருந்த ஆயுள்கால உரிமையை முழு உரிமையாக்கியது. ஜீவனாம்சத்துக்காக ஆயுள் வரை அனுபவிக்கத் தரப்பட்ட நிலத்தில் சிலவற்றை விதவை துளசம்மா விற்றபோது, கணவரின் சகோதரர் எதிர்த்தார். நிலம் துளசம்மாவுக்கே முழுச் சொந்தம் என்று 1977-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது.

இப்போது ஏக்கர் கணக்கு. சுயமாகச் சம்பாதித்த 20 ஏக்கரை விட்டு, உயில் எழுதாமல் ஒருவர் இறக்கிறார். மனைவி, தாய், இரண்டு மகன்கள், ஒரு மகள் இருக்கிறார்கள். பழைய இந்து முறைகள் இரண்டிலும் மனைவிக்குப் பூஜ்யம். 1956-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஐந்து சமபங்கு, ஆக 4 ஏக்கர். இஸ்லாமிய முறையில் இரண்டரை. கிறிஸ்தவராக இருந்தால், 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி மூன்றில் ஒன்று, ஆறேமுக்கால் ஏக்கருக்குச் சற்றுக் குறைவு. அளவில் கிறிஸ்தவ விதவை முந்துகிறார்.

ஆனால் மேலே ‘உயில் எழுதாமல்’ என்று ஒரு நிபந்தனை போட்டேனே, அதை எடுத்துவிட்டால் கதை வேறு. இந்துவோ கிறிஸ்தவரோ தம் சுயார்ஜிதம் முழுவதையும் யாருக்கு வேண்டுமானாலும் எழுதிவைக்கலாம். மனைவியின் பெயரே உயிலில் இல்லாமல் போகலாம். அப்போது இந்து விதவை மறுபடி ஜீவனாம்சம் கேட்டு நிற்க வேண்டியதுதான். இஸ்லாமியச் சட்டத்தில், வாரிசுகள் சம்மதித்தாலொழிய, மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயில் செல்லாது. ஆகவே மிஞ்சியதில் மனைவியின் எட்டில் ஒன்றை எந்தக் கணவனாலும் உயிலால் பறிக்க முடியாது. என் கணக்கில், கோபக்காரக் கணவனின் மனைவிக்கு, மூன்றில் ஒன்று உயிலில் போனாலும் மிஞ்சும் அந்த எட்டில் ஒன்றுதான், அதாவது ஒன்றேமுக்கால் ஏக்கருக்குச் சற்றுக் குறைவுதான், பத்திரமானது. 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தின் சமபங்கோடு அந்த மூன்றில் ஒன்று வரம்பையும் சேர்த்திருந்தால், இந்து விதவைக்கு வேறெந்த முறையும் தேவைப்பட்டிருக்காது.