ஸ்டுடியோ படமா, கைபேசிப் படமா?

சேலத்தில் படிப்பை முடித்து இணையத்தில் வேலை தேடும் இளைஞர்கள் பலர், ஐந்து ரோட்டுப் பக்கம் ஸ்டுடியோவில் எடுத்த பாஸ்போர்ட் அளவுப் படத்தையே, வேலை தேடவும் தொழில் தொடர்புகளுக்கும் பயன்படும் தளமான லிங்க்ட்இனிலும் தங்கள் முகப்படமாக ஏற்றிவிடுகிறார்கள். வெளிச்சமும் பின்னணியும் அதில் சீராக இருக்கும். ஆனால் 35க்கு 45 மில்லிமீட்டர் அச்சுப் பிரதியைக் கைபேசியால் மறுபடி படம்பிடித்து ஏற்றும்போது முகம் மங்கிவிடுகிறது. ஆகவே ஸ்டுடியோவுக்குச் செல்பவர்கள், குறைந்தது 400க்கு 400 பிக்சல் உள்ள சதுரக் கோப்பாகக் கேட்டு வாங்க வேண்டும். தோலை வெளுப்பாக்கும் திருத்தம் வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவது அதைவிட முக்கியம் என்று கருதுகிறேன். நேர்காணலுக்கு வருபவரும் படத்தில் இருப்பவரும் ஒருவராகவே தெரிய வேண்டும் அல்லவா?

கைபேசிப் படத்துக்குச் செலவில்லை. கையை நீட்டி எடுக்கும் செல்ஃபியில் அண்மையால் மூக்கு பெரிதாகத் தெரியும் என்பதால், வேறொருவரை இரண்டு மீட்டர் தள்ளி நிற்கவைத்து, ஜன்னலோரக் காலை வெளிச்சத்தில் எடுக்கச் சொல்லலாம். ஏற்காட்டில் நண்பர்களோடு எடுத்த குழுப்படத்தை வெட்டிப் பயன்படுத்துவது மட்டும் கூடாது, முகம் தெளிவிழந்துவிடும்.

முதல் வேலை தேடுபவருக்கு, கவனமாக எடுத்த கைபேசிப் படமே போதும் என்பேன். வாடிக்கையாளரை நேரில் சந்திக்கும் வங்கி, காப்பீட்டுப் பணிகளை நாடுபவர்கள் ஸ்டுடியோவுக்குச் செலவிடலாம்.