பெட்டியில் 16 ஜிபி, உள்ளே 8: எட்டு மாதம் ஓட்டிப் பார்த்தது

கோவையில் வாடகைக் கார் ஓட்டுகிறேன். மேப், சவாரி ஆப், யூபிஐ, பாட்டு, நடுவில் வீட்டிலிருந்து வீடியோ கால் என்று தினமும் பன்னிரண்டு மணி நேரம் மொபைலுக்கு ஓய்வே கிடையாது. அதனால் போன முறை மொபைல் வாங்கும்போது ரேம் (ஓடிக்கொண்டிருக்கும் ஆப்கள் தங்கும் தற்காலிக நினைவகம்) ஒன்றைத்தான் பார்த்தேன்.

பெட்டியில் கொட்டை எழுத்தில் 16 ஜிபி. கீழே எறும்பு சைஸில் 8+8. கடைப் பையனைக் கேட்டால், "ரெண்டும் ஒண்ணுதாண்ணே" என்றான். எங்கே ஒன்று? இரண்டாவது எட்டு, ஸ்டோரேஜிலிருந்து வெட்டிக் கொடுத்தது. நிஜ ரேமின் வேகம் அதற்கு வராது. ஒரு வாரத்தில் அதை அணைத்துவிட்டேன். ஸ்டோரேஜில் 8 ஜிபி திரும்பி வந்தது, வேகம் துளியும் குறையவில்லை.

சரி, மீதி எட்டு போதுமா? செட்டிங்ஸில் பில்ட் நம்பரை ஏழு தடவை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும், அதில் மெமரி கணக்கு இருக்கிறது. ஏர்போர்ட் சவாரியாகவே போன ஒரு வெள்ளிக்கிழமை பார்த்தேன்: ரேம் உபயோகம் சராசரி 5.2 ஜிபிதான், எட்டே தாராளம்.

ஆனாலும் ஒரு தலைவலி இருந்தது. திரையை அணைத்துவிட்டு டீ குடித்து வருவதற்குள் சவாரி ஆப் செத்துக் கிடக்கும். காந்திபுரத்தில் இரண்டு சவாரி போச்சு. மூவாயிரம் கூடப் போட்டு 12 ஜிபி வாங்கியிருக்கலாமே என்று நொந்துகொண்டேன். ஸ்டாண்டில் ஒருவர் இதே மாடலில் 12 ஜிபி வைத்திருக்கிறார், அவருக்கும் இதே கதைதான். பேட்டரியை மிச்சம் பிடிக்கிறேன் என்று மொபைலே ஆப்பைக் கொல்கிறது. பேட்டரி செட்டிங்கில் அந்த ஆப்புக்கு மட்டும் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டேன், அதோடு சரியாகிவிட்டது.

மொபைலுக்குள்ளேயே ஏஐ ஓட வேண்டுமென்றால் கணக்கு வேறு. ஏஐ-யின் மூளை மாதிரி ஒரு பெரிய ஃபைல் இருக்கிறது, அது ஓடும்போது ரேமில் வந்து உட்கார வேண்டும். 2024-இல் ஆப்பிள் தன் ஏஐ வசதியை 8 ஜிபி உள்ள ஐபோன் 15 ப்ரோவுக்குக் கொடுத்தது, 6 ஜிபி உள்ள சாதா 15-க்குக் கொடுக்கவில்லை. பெரிய கேம், வீடியோ எடிட்டிங் செய்பவர்களும் 12 வாங்கலாம்.

மற்றபடி கேமரா சுமார், மதிய வெயிலில் திரை கொஞ்சம் மங்கல், பேட்டரி ராத்திரி வரை நிற்கிறது. மிச்சமான மூவாயிரத்தில் காருக்கு நல்ல சார்ஜரும் ஹோல்டரும் வாங்கினேன். ஹோல்டர்தான் வெயிலில் இளகி ஆடுகிறது.