மூக்குக் கண்ணாடியில் மாட்டும் துணிப் பட்டை: இரண்டு ஆண்டு அனுபவம்

பெங்களூரு அல்சூரில் எங்கள் தெருவில் ரவிக்கை தைக்கும் அக்கா ஒருவர்தான் என் மகளுக்குக் கண்ணை மறைக்கும் துணிப் பட்டைகளைத் தைத்துத் தருகிறார். ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளாக அவற்றைப் பயன்படுத்துகிறோம்.

அவளுக்கு இடது கண்ணில் பவர் மிக அதிகம். அந்தக் கண் அனுப்பும் மங்கலான படத்தை மூளை ஒதுக்கத் தொடங்கியிருந்தது. சோம்பேறிக் கண் என்பார்கள். கண்ணாடி மட்டும் போதவில்லை. நன்றாகத் தெரியும் வலது கண்ணை நாள்தோறும் இரண்டு மணி நேரம் மூடிவைக்கச் சொன்னார் மருத்துவர். இவ்வளவு குறைந்த நேரத்தில் என்ன ஆகப்போகிறது என்று பயந்தேன். மிதமான பாதிப்புள்ள ஏழு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு, இரண்டு மணி நேரமும் ஆறு மணி நேரமும் ஏறக்குறைய ஒரே பலனைத் தந்ததாக 2003-இல் அமெரிக்க ஆய்வொன்று வெளிவந்ததை அவர் எடுத்துச் சொன்ன பிறகே நிம்மதி வந்தது.

மருந்துக் கடையில் கிடைக்கும் ஒட்டும் பேட்சில் கொஞ்சமும் எட்டிப் பார்க்க முடியாது; அந்த வகையில் துணி அதற்கு ஈடாகாது. ஆனால் பிய்க்கும்போது புருவ முடியும் சேர்ந்து வந்தது. ஏப்ரல் வெயிலில் வியர்த்து, கன்னம் சிவந்து தடித்தது. நேரமானாலே அழுகைதான்.

துணிப் பட்டை கண்ணாடியின் ஒரு பக்கத்தில் உறையாக மாட்டிக்கொள்ளும். அதில் முதலில் பார்க்க வேண்டியது அழகை அல்ல, மூக்கோரத்தை. தொடக்கத்தில் தைத்ததில் அங்கே இடுக்கு இருந்தது. முகத்தை வலப்பக்கம் திருப்பி, அதன் வழியாகவே தொலைக்காட்சி பார்த்துவிடுவாள். அக்கா அவளைத் தையல் மிஷின் அருகே உட்காரவைத்து, மூக்கின் வளைவைச் செய்தித்தாளில் வெட்டி அளவெடுத்து, விரலகலத்துக்கு ஒரு மடிப்பு சேர்த்தார். திருட்டுப் பார்வை நின்றது. முன்பக்கத் துணிக்கு அடியில் இரட்டைக் கறுப்புப் பருத்தி இருப்பதால் வெளிச்சம் கசிவதில்லை. கண்ணை ஒட்டிய பக்கம் மெல்லிய மல் துணிதான் சரி. தடித்த துணி இமைமுடியில் உரசுகிறது.

அழகும் முக்கியம்தான். எந்தத் துணி என்பதை மகளே முடிவு செய்கிறாள். சுங்குடித் துண்டில் ஒன்று, நவராத்திரிக்குப் பட்டுப்பாவாடையில் மிஞ்சியதில் ஒன்று. இப்போது அவளே எடுத்து மாட்டிக்கொண்டு, புள்ளிக் கோலம் வரைய உட்கார்ந்துவிடுகிறாள். மூடியிருக்கும் நேரத்தில் இப்படிக் கிட்டத்தில் பார்க்கும் வேலை கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

குறைகளும் உண்டு. துவைக்கத் துவைக்க அந்த மடிப்பு தொய்ந்துவிடும். கண்ணாடி ஒரு பக்கம் சரிவதால் பின்னால் பட்டி கட்ட வேண்டியிருக்கிறது. ஃபிரேம் மாறினால் புது அளவு எடுக்க வேண்டும்.

தொடக்கத்தில் 6/36 என்றிருந்த (இயல்பான கண் 36 மீட்டரில் காண்பதை 6 மீட்டரில்தான் காணும்) இடது கண் பார்வை இப்போது 6/12. துணி எதுவானாலும் நேரத்தை மருத்துவரே முடிவு செய்யட்டும். அளவுக்கு மீறி மூடினால் நல்ல கண்ணின் பார்வையும் குறையக்கூடும். அதனால் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.

தைக்கக் கொடுக்கும்போது கண்ணாடியை மட்டும் கொடுத்தனுப்ப வேண்டாம். குழந்தையையும் அழைத்துப் போங்கள். மாட்டிவிட்டு, தலையை இரு பக்கமும் திருப்பச் சொல்லிப் பார்த்த பிறகு பணம் கொடுங்கள்.